கண்ணாடியில் பதிந்த கட்டைவிரல்

முன்பனிக் காலம் ஊரின்மேல் ஓசையின்றி இறங்கியிருந்தது. கதிரவன் வரவும் தயங்கினான்; வந்தபின் நிலைக்கவும் தயங்கினான். பிற்பகல் முதிருமுன்பே ஒளி சுருங்கி, வெண்மையும் சாம்பலும் கலந்ததொரு திரை தெருவின் குறுக்கே விழுந்தது. மரங்கள் இலைநுனிதோறும் நீர் ஏந்தி, ஏதோ சொல்ல வாயெடுத்து நாவடங்கியவர் போல நின்றன. காலடியோசை முதலில் வரும். ஆள் பின்னர் வருவார். அருகிலிருப்பது மட்டுமே உண்டு, தொலைவென்று ஒன்று படைக்கப்படவேயில்லை என்று எண்ணும்படி உலகம் குறுகிக் கிடந்தது.

குளிர் மிகுந்தால் மனிதர் நெருங்கி அமர்வர் என்பார்கள். அடுமனைக்காரர் வீட்டில் அது பொய்த்திருந்தது. ரொட்டி அடுப்பின் வெம்மை சுவர் வழியே முன்னறை வரைக்கும் பரவியும், அங்கே யாருக்கும் யாரோடும் கதகதப்பில்லை. பேச்சு நின்றுபோன வீட்டில் பாத்திரங்கள் அதிகம் பேசும். அந்த வீட்டில் ஒரு வாரமாகக் கரண்டிகளும் தட்டுகளுமே உரையாடிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பல்பு.

விடியலுக்கு முன் ரொட்டிப் பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுசெல்லும் பழைய கார் ஒன்று அடுமனைக்காரரிடம் இருந்தது. அதன் முகப்பு விளக்குகள் மங்கிவருவதைக் கண்ட மாப்பிள்ளை, யாரும் கேளாமலே இரண்டு ஹாலஜன் பல்புகளை வாங்கி வந்து மாமனாரிடம் கொடுத்தார். மாப்பிள்ளை நில அளவையர். சொல்லையும் அளந்தே செலவிடுபவர். அடுமனைக்காரர் அவற்றைத் தம் கையாலேயே பொருத்தினார். சில நாளில், பாலத்து வளைவில், பனி அடர்ந்திருந்த வேளையில், இடப்பக்க விளக்கு திடீரென்று அணைந்தது. கார் சாலையோரச் சேற்றில் இறங்கியது. உயிருக்குக் கேடில்லை, பன் பெட்டி ஒன்று மட்டும் வாய்க்காலில் மிதந்து சென்றது.

திரும்பி வந்தவர் கடை முகப்பில், ரொட்டிக்காக நின்றிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார்: "மாமனாருக்கு இது போதும்னு மட்டச் சரக்கா பாத்து வாங்கிட்டு வந்திருக்காரு எங்க மாப்ள. என் உயிருக்கு அவரு போட்ட மதிப்பு அவ்வளவுதான்."

மாப்பிள்ளை, குடித்த தேநீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனார். வெளியூரில் சாலை அகலப்படுத்தும் பணியொன்றுக்கு அவரை நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் வீட்டாரை விட்டுப் பிரிய மனமில்லாமல் தட்டிக்கழித்து வந்தவர், வருவதாக மறுநாளே ஒப்புக்கொண்டார்.

இன்று மாலை அவருக்கு ரயில்.

*

வீட்டின் பின்முற்றத்தில் காரின் முன்மூடி திறந்து நின்றது. அதற்குள் தலையை நுழைத்தபடி நின்றாள் அடுமனைக்காரரின் மகள். பேசத் தொடங்கிய நாள்முதல் வாய் ஓயாதவள் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு மைனா என்றே பெயர். கேக்குகளின்மேல் பூவும் எழுத்தும் வரைவது அவள் தொழில். ரயில் நிலையம் பாலத்துக்கு அப்பால் இருந்தது. கணவனைக் காரில் கொண்டுபோய் விடுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள். அதற்கு விளக்கு எரியவேண்டும்.

அதைக்காட்டிலும் பெரிதாக ஒன்றும் அவள் வேண்டினாள். கணவன் வண்டியேறுமுன் தந்தை அவரிடம் ஒரு சொல்லாவது பேசவேண்டும். பேசாமல் பிரிந்தால், அந்தப் பிரிவு இந்தப் பனியைப்போல் தானாக விலகப்போவதில்லை என்று அவள் உள்ளம் அஞ்சியது.

அம்மா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றாள்.

"நீ மெக்கானிக் ஆயிட்டா கேக்குக்கு ரோஜா யாருடி போடுவா?"

"நீ போடு."

"நான் போட்டா முட்டைக்கோசு மாதிரி வரும்."

"முட்டைக்கோசு பிடிச்சவங்களும் இருப்பாங்கம்மா. வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ள காட்டு. என் மூக்குமேல காட்டாத."

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். நாளைக்கு வர்றேன்னாரு அந்த மெக்கானிக். ரயில் நாளைக்கு வர்றேன்னு சொல்லலையே." மைனா நிமிர்ந்து கையை உதறினாள். "அப்பா என்ன பண்றாரு?"

"காலையிலேருந்து மாவு பிசையறாரு. அந்த மாவு போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ, அடி தாங்க முடியாம கிடக்கு."

புதிய பல்புகளை மைனா கடைத்தெருவில் வாங்கி வந்திருந்தாள். கணவன் வாங்கிய அதே வகை, அதே பொட்டலம். கிழிக்குமுன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு புறத்தில் விரித்த கையின் படம். அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. கீழே பொடி எழுத்தில், கண்ணாடிப் பகுதியை வெறுங்கையால் தொடலாகாது, எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு கெட்டுவிடும் என்று அச்சிட்டிருந்தார்கள்.

அவள் அதை இருமுறை படித்தாள். பின்பு பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, இடப்பக்க விளக்கின் பின்புறம் கையை விட்டாள். மின்கலத்துக்கும் விளக்குக்கும் நடுவே மெலிந்த கை மட்டுமே நுழையும் இடைவெளி. மின்கம்பிகள் சேரும் பிடிப்பை அசைத்து அசைத்து இழுத்தாள், அது கழன்றது. ரப்பர் மூடியின் காதைப் பற்றி உரித்தாள். உள்ளே பல்பின் அடிப்பாகத்தை ஒரு வளைந்த கம்பிக் கொக்கி அணைத்துப் பிடித்திருந்தது. அதை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினாள். கொக்கி விலகியது. செத்த பல்பு அவள் கையோடு வெளியே வந்தது.

"இங்க காட்டும்மா."

கண்ணாடியின் ஒரு பக்கம் பால்போல் வெளுத்து, கொப்புளம் போட்டதுபோல் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பின்மேல், பழுப்பாக, சுட்டு எழுதியதுபோல், ஒரு கட்டைவிரலின் ரேகை. ரேகைகளை நடுவில் அறுத்துக்கொண்டு ஒரு கோடு ஓடியது.

அடுப்பின் இரும்புத் தட்டு என்றோ இழுத்த கோடு அது. அந்தத் தழும்புள்ள கட்டைவிரல் உலகில் ஒருவருக்குத்தான் உண்டு.

அம்மா கைவிளக்கைத் தாழ்த்தினாள். "இந்தக் கையை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்," என்றாள் மெல்ல. "சட்டையில பாத்திருக்கேன், கதவுல பாத்திருக்கேன், கல்யாண ஆல்பத்து அட்டையிலகூட இருக்கு. எல்லா இடத்துலயும் வெண்ணெய்."

வெண்ணெயும் மாவும் அடுமனைக்காரர் கையின் இரண்டாம் தோல். பிசைந்த மாவு உப்பி எழும் இடைவேளையில் ஓடிவந்து அந்தப் பல்புகளை மாட்டியிருந்தார். பொட்டலத்தில் எழுதியிருப்பதெல்லாம் விற்பவன் பேச்சு என்பது அவர் நெடுநாள் கொள்கை. கையைத் துடைக்க அவருக்குத் தோன்றியிராது. அந்தக் கை அழுக்கென்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. மற்ற வீட்டார் ஒருவேளை தப்பியிருப்பர். அடுமனைக்காரர் வீட்டுக்கென்றே அளந்து தைத்த பிழை அது.

"தூக்கிப் போட்டுடு," என்றாள் அம்மா.

"எதை?"

"அதைத்தான். புதுசை மாட்டு, விளக்கு எரியட்டும், அவரைக் கொண்டுபோய் விடு. உங்கப்பாகிட்ட இதைக் காட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அடுப்புக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துப்பாரு. அவருக்கு வெக்கம் வந்தா சாப்பாடுகூட இறங்காது. மாப்ள பாட்டுக்கு ரயில் ஏறிடுவாரு. ஆளுக்கு ஒரு மூலை."

"அவரு என்ன தப்பு பண்ணினாருன்னு பழியைச் சுமந்துக்கிட்டு ரயில் ஏறணும்?"

"அப்ப கொண்டுபோய் அவர்கிட்டயே காட்டு. உன் புருஷன்தானே."

மைனா பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாடியில் பெட்டி திறக்கும் ஓசையும் மூடும் ஓசையும் கேட்டன.

"காட்டினா அவரு ஜெயிச்சிடுவாரும்மா. ஜெயிச்சு என்ன பண்றது? அப்பாவைத் தோக்க வெச்ச வீட்டுக்கு அவரு திரும்ப வர கூச்சப்படுவாரு. உனக்குத் தெரியாது அவரை."

"அப்படின்னா என்னதான்டி பண்ணப்போற?"

மைனா செத்த பல்பைத் துணியில் சுற்றித் தன் மேலங்கிப் பையில் இட்டாள். "வலது பக்கம் இன்னும் கழட்டலை. அது எரியுது, ஆனா அதையும் மாத்தணும். அதை அப்பா கழட்டட்டும்."

"கூப்பிட்டா வரமாட்டாரு."

"எனக்கு முடியலைன்னு சொல்லு. வருவாரு."

அம்மாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப்பின் சிரிப்பின் நிழல் படிந்தது. "அது சரி. அடுத்தவங்களுக்கு முடியலைன்னா அவருக்குப் பசியே எடுக்கும்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

*

அடுமனைக்காரர் மேலங்கியோடு வந்தார். முழங்கை வரை வெள்ளை. புருவத்திலும் மாவு.

"என்ன, கை போகலையா?"

"போகலப்பா. வலது பக்கம் அந்தக் கண்ணாடி கழுவற தண்ணி டப்பா இடிக்குது."

"இடிக்கும். அதுக்குக் கையை நேரா விடக்கூடாது. பாம்பு புத்துக்குள்ள போற மாதிரி சாய்ச்சு விடணும். நகரு. அன்னிக்கு யாரும் டார்ச் பிடிக்காமலே ரெண்டையும் மாட்டினவன் நான்."

மைனா நகர்ந்தாள். எந்நேரமும் ஓயாத வாய் அன்று மூடியே இருந்தது. அதை அவர் கவனித்திருந்தால் அப்போதே ஐயுற்றிருப்பார். அவரோ வேலையின் சுவையில் இருந்தார். பிடிப்பு கழன்றது, ரப்பர் மூடி உரிந்தது, கொக்கி விலகியது. பல்பை வெளியே எடுத்தவர், அதைப் பார்க்காமலே இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, புதியதை வாங்க வலக்கையை நீட்டினார்.

"குடு."

"கையைத் துடைச்சுக்கோங்கப்பா."

"எதுக்கு? குடும்மா, மாவு காத்துக்கிட்டு இருக்கு."

மைனா பல்பைக் கொடுக்கவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தாள், படமிருந்த பக்கம் மேலே தெரியும்படி. அதன்மேல் ஒரு தூய துணி.

அவர் எரிச்சலோடு அதை வாங்கினார். கையின் படத்தைப் பார்த்தார். குறுக்குக் கோட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பொடி எழுத்துகளைப் படிக்கையில் உதடுகள் அசைந்தன. பின்பு இடக்கையிலிருந்த பல்பு நினைவுக்கு வந்தவராய் அதை உயர்த்திப் பனிவெளிச்சத்தில் பிடித்தார். அது இன்னும் உயிரோடிருந்த பல்பு. ஆயினும் அதன் விலாவிலும் வெண்மை படரத் தொடங்கியிருந்தது. அவ்வெண்மையின் நடுவில் பழுப்பு ரேகை.

அவர் தம் கட்டைவிரலைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க?"

மைனா துணியைப் பிரித்து நீட்டினாள். இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். மரத்திலிருந்து பனிநீர் சொட்டுச் சொட்டாய்க் காரின் கூரைமேல் விழுந்தது.

"அன்னிக்கு நான் கையைத் துடைச்சேனா?"

"தெரியலப்பா."

"துடைக்கல. மாவு பொங்கி வந்துட்டிருந்துச்சு." சற்றுப் பொறுத்து, "மாப்ள இதைப் பாத்தாரா?"

"இல்ல."

"உங்கம்மா?"

"பாத்தாங்க."

"பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையே அவ."

"தூக்கிப் போடச் சொன்னாங்க."

அவர் இரண்டு பல்புகளையும் கையில் மூடிக்கொண்டு உள்ளே சென்றார். அடுப்பறைக் கதவு சாத்தப்படும் ஓசை முற்றம் வரை கேட்டது.

வாசலில் வந்து நின்ற அம்மா பெருமூச்செறிந்தாள். "சொன்னேன்ல. அடுப்புக்குப் பின்னாடி."

மைனாவுக்கு அழுகை வரும்போலிருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, புதிய பல்பின் அடிப்பாகத்தை மட்டும் துணியால் பற்றி, வலப்பக்கத்தில் பொருத்த முனைந்தாள். அதன் மூன்று காதுகளும் ஒரே ஒரு வகையில்தான் உள்ளே அமரும். மற்ற எவ்வகையில் திருப்பினாலும் முரண்டு பிடிக்கும். திருப்பிப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள். இறுதியில் அது அமர்ந்தது. கொக்கியை மாட்டினாள். மறுபக்கம் எஞ்சியிருந்தது.

ஒளி மேலும் குறைந்தது.

*

மாலை ரொட்டிக்காகக் கடை முகப்பில் வழக்கமானவர்கள் கூடியிருந்தார்கள். எதிர்வரிசை முடிதிருத்துபவர், ஓய்வுபெற்ற தபால்காரர், பல் மருத்துவரின் மனைவி, இன்னும் சிலர். அன்றைய ஏச்சைக் காதாரக் கேட்டவர்களே பெரும்பாலும்.

அடுப்பறைக் கதவு திறந்தது. அடுமனைக்காரர் வெளியே வந்தார். மேலங்கி இல்லை. கைகள் தேய்த்துத் தேய்த்துக் கழுவப்பட்டுச் சிவந்திருந்தன. அவர் கைகளின் இயல்பு நிறம் இதுதான் என்று அங்கிருந்த பலர் அன்றுதான் கண்டனர்.

அவர் மாடிப்படியின் அடியில் நின்று மேலே நோக்கினார்.

"மாப்ள, ஒரு நிமிஷம் கடைக்கு வர முடியுமா?"

மாடியில் பெட்டியின் ஓசை நின்றது. முற்றத்திலிருந்த மைனாவுக்கும் அந்த அழைப்பு கேட்டது. அவள் ஓடிவந்து கதவோரம் நின்றாள். பாதி மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடியே மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"அண்ணே, முதல்ல எனக்கு ரெண்டு பன்னை எடுத்துக் குடுங்க, கடையில ஒருத்தர் பாதி சவரத்தோட உட்கார்ந்திருக்காரு," என்றார் முடிதிருத்துபவர்.

"பன்னு எங்கயும் ஓடாது. அந்த ஆளும் பாதி சவரத்தோட எங்கயும் ஓடமாட்டாரு. அன்னிக்கு நான் பேசினதை எல்லாரும் நின்னு கேட்டீங்கல்ல? இதையும் கேட்டுட்டுப் போங்க."

கேக் பெட்டியின் கண்ணாடித் தளத்தின்மேல் அவர் இரண்டு பல்புகளையும் வைத்தார்.

"இது எங்க மாப்ள வாங்கிக் குடுத்தது. நல்ல சரக்கு. இதைக் கெடுத்தது இந்தக் கை." கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "வெண்ணெய்க் கையோட கண்ணாடியைத் தொட்டு மாட்டியிருக்கேன். தொடாதேன்னு பொட்டலத்துல படமே போட்டிருக்கான். நான் பாக்கல. பழியை மட்டும் இவர் தலையில தூக்கி வெச்சேன்."

தபால்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உங்க ரேகைதான். சந்தேகமே இல்ல. போலீஸ் வரவேண்டிய அவசியமில்லாம ஆளே வந்து ஒத்துக்கிட்டாரு," என்றார்.

சிரிப்பலை ஒன்று எழுந்து அடங்கியது. அடுமனைக்காரர் சிரிக்கவில்லை.

"நாலு பேர் முன்னாடி ஒருத்தர் மேல சேத்தை வீசிட்டு, அறைக்குள்ள கூட்டிட்டுப் போய் தொடைச்சு விடறது யோக்கியமில்ல. அதான் இங்க கூப்பிட்டேன்." அவர் மாப்பிள்ளையின் முகத்தை நேராக நோக்கினார். "தப்பு என்னோடது, மாப்ள."

மாப்பிள்ளையின் கையில் சட்டை கசங்கியது.

"விடுங்க மாமா."

"விட முடியாது. நீங்க ஏதாவது சொல்லணும்."

அளந்து பேசுபவர் சற்று நேரம் அளந்தார். "எனக்குத் தோணுச்சு மாமா. நீங்க மாட்டும்போது மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன். கையெல்லாம் மாவு இருந்துச்சு."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே?"

"தெரியாது. தோணுச்சு, அவ்வளவுதான். கழட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சப்புறம் சொல்லாம இருக்க முடியாது. அதான் கழட்டல." அவர் குரல் இறங்கியது. "ஆனா கோபம் இருந்துச்சு மாமா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஊர் மாறிப் போறேன்னு ஒத்துக்கிட்டதும் அந்தக் கோபத்துலதான்."

"கோபம் வரணும்," என்றார் அடுமனைக்காரர். "அதுக்கும் வரலைன்னா நீங்க மாப்ள இல்ல, மைல்கல்லு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். கதவோரத்தில் மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரசங்கம் முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரொட்டி ஆறுது. அந்தப் பாதி சவரத்துக்காரரு வேற பாவம்."

*

மாமனாரும் மருமகனும் சேர்ந்து முற்றத்துக்கு வந்தபோது அந்தி கவிந்துகொண்டிருந்தது. எஞ்சியிருந்த புதிய பல்பை மாப்பிள்ளை எடுத்தார். பிறகு துணியோடு சேர்த்து மாமனாரிடம் நீட்டினார்.

"நீங்களே மாட்டுங்க."

"நானா? என் கையை நம்பறீங்களா?"

"இப்ப நம்பலாம். சோப்பு வாசனை மாடி வரைக்கும் வந்துச்சு."

அடுமனைக்காரர் துணியால் பற்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துபவர் போல அதை உள்ளே அமர்த்தினார். கொக்கி சேர்ந்தது. ரப்பர் மூடி பொருந்தியது. மைனா உள்ளே அமர்ந்து விசையைத் திருப்பினாள். முற்றத்துச் சுவரில் இரண்டு வட்ட ஒளிகள் எழுந்தன.

மாப்பிள்ளை சில அடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிச் சுவரை நோக்கினார்.

"இடது பக்கம் கொஞ்சம் மேல ஏறுது. எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்தும்."

"செவுத்தைக்கூட விடமாட்டீங்களா? அளந்துதான் ஆகணுமா?"

"பழக்கமாயிடுச்சு மாமா."

விளக்கின் பின்னிருந்த திருகாணியை அவர் சிறிது சிறிதாகத் திருப்ப, ஒளி இறங்கி மற்றதன் தோளோடு தோள் நின்றது.

பெட்டியைக் கொண்டுவர மாடிக்குச் சென்றவரோடு மைனாவும் சென்றாள். அறையில் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். புதுச் சாவி, அவள் அறியாத பூட்டுக்குரியது.

"இது எது?"

"அங்க ஒரு வீடு பேசி முடிச்சிருக்கேன்."

"எப்ப?"

"வேலை விஷயமா பேசப் போன அன்னிக்கு. கோபத்துலதான் போனேன். ஆனா போய்ப் பாத்தா, ஒரு அறையில ஜன்னல் பெருசு. வெளிச்சம் நிறைய வருது. நீ கேக்குக்குப் பூ போட மேசை போட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. கோபத்துல போனவனுக்கு அது எதுக்குத் தோணணும்னு தெரியல."

மைனா சாவியைப் பார்த்தாள். கீழே தந்தையின் குரல், தாயின் குரல், தட்டுகளின் ஓசை. ஒரு வாரத்துக்குப்பின் ஓசைகள் தம்தம் அளவில் கேட்டன.

"இப்ப நான் என்ன சொல்லணும்?"

"இப்ப ஒண்ணும் வேணாம். வாரக் கடைசியில வருவேன். அதுவரைக்கும் அது உன்கிட்ட இருக்கட்டும்."

மைனா சாவியை மேலங்கிப் பையில் இட்டாள். படியில் எதிர்ப்பட்ட அம்மாவின் பார்வை அந்தப் பையின்மேல் ஒரு கணம் தங்கியது. அம்மா ஒதுங்கி வழி விட்டாள்.

காரின் பின்னிருக்கையில் பெட்டி ஏறியது. அதன் அருகே காகிதத்தில் சுற்றிய சூடான ரொட்டியும். மைனா ஓட்டும் இருக்கையில் அமர்ந்தாள். மாப்பிள்ளை அருகில் அமர்ந்தார். விளக்குகள் எரிந்தன. முற்றத்து வாயிலுக்கு வெளியே பனி கனத்து நின்றது. இரண்டு ஒளிக் கைகள் அதனுள் நீண்டு, வழியை ஒவ்வொரு முழமாக வெளியே எடுத்துக் காட்டின.

அடுமனைக்காரர் வாயிலைத் திறந்துவிட்டுக் காரின் முன்னே வந்து நின்றார். ஒளி அவர் முகத்திலும் வெறுமையான கைகளிலும் விழுந்தது. கொளுத்தியவர் யாராயினும், எரிவது எதனாலாயினும், ஒளியெல்லாம் இறைவன் ஒருவனுடையதே என்று நம்பி வாழ்ந்த மனிதர் அவர். கண்களை மூடினார். இரு கைகளும் தாமாகவே நெஞ்சுக்கு நேரே குவிந்தன. உதடுகள் அசைந்தன, ஓசை எழவில்லை. காருக்குள் இருவரும் அசையாமல் காத்திருந்தனர்.

கண்களைத் திறந்தவர் மாப்பிள்ளையின் சன்னலோரம் வந்து குனிந்து, அவர் தலைமேல் மெல்லக் கை வைத்தார்.

"போயிட்டு வாங்க மாப்ள. போற வழியெல்லாம் உங்களுக்கு வெளிச்சமா இருக்கட்டும். எதிர்ல வர்றவங்களுக்கும் வழி தெரியட்டும். எங்க இருந்தாலும் ரெண்டு பேரும் நல்லா இருங்க."